பன்றி விலாவில் புளிப்பும் இனிப்பும்: முதல் தடவை செய்பவர்களுக்கு ஒரு சீன வீட்டுச் சமையல்

நம் பக்கத்துச் சீன உணவகங்களில் 'ஸ்வீட் அண்ட் சவர் போர்க்' என்று கேட்டால் சிவப்பாக ஒரு குழம்பு வரும். மாவில் முக்கிப் பொரித்த கறி, குடைமிளகாய், அன்னாசித் துண்டு, தக்காளி கெச்சப். சீனாவின் தெற்கே குவாங்டாங், ஹாங்காங் பக்கத்துச் சமையலிலிருந்து உலகமெல்லாம் பரவிய வகை அது. இங்கே சொல்லப்போவது வேறு. ஷாங்காய், சூசோ, ஹாங்சோ என்று யாங்சி ஆறு கடலில் கலக்கிற பகுதியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுக்கு வீடு செய்கிற 'தாங்சூ பாய்கூ'. இதில் கெச்சப் கிடையாது, மாவு கிடையாது, காய்கறியும் கிடையாது. விலா எலும்புக் கறி, கற்கண்டு, கறுப்பு வினிகர், சோயா சாஸ் ஆகியவைதான் முக்கியம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அடுப்பில் இருந்து சுண்டியபின், கறுஞ்சிவப்பில் பளபளவென்று எலும்போடு ஒட்டிக்கொண்டு வரும்.

செய்முறையில் கஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு இடங்களில் மட்டும் கவனம் சிதறக் கூடாது. சர்க்கரையை எந்த நிறத்தில் நிறுத்துகிறோம் என்பது ஒன்று. வினிகரை எப்போது ஊற்றுகிறோம் என்பது மற்றொன்று. மற்றதெல்லாம் முன்னே பின்னே இருந்தாலும் சாப்பிடுகிற மாதிரி வந்துவிடும். இந்த இரண்டில் தவறினால் கசக்கும், அல்லது வெறும் இனிப்பாகப் போய்விடும்.

கறி வாங்கும்போது

மூன்று, நான்கு பேருக்கு 600 கிராம் விலா எலும்பு போதும். தமிழ்நாட்டில் 'வெண்பன்றி இறைச்சி' என்று பலகை வைத்திருக்கிற கடைகளில் கேட்டால் கிடைக்கும். எலும்பு எலும்பாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுமார் 4 செ.மீ. நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். இதைக் கடையிலேயே செய்துகொள்வது நல்லது. வீட்டுக் கத்தியால் விலா எலும்பை வெட்ட முயன்றால் எலும்பு சிதறித் துணுக்குகள் கறிக்குள் போய்விடும், கைக்கும் ஆபத்து. துண்டு பெரிதாக இருந்தால் சாறு உள்ளே பிடிக்காது. ஒரு வாய்க்குள் அடங்கி, எலும்பை மட்டும் துப்புகிற அளவுதான் இதற்குச் சரி.

எலும்பைச் சுற்றிக் கறி கனமாக இருக்க வேண்டும், இடையிடையே கொஞ்சம் கொழுப்பும் ஓட வேண்டும். குருத்தெலும்பு உள்ள துண்டுகள் கிடைத்தால் விடாதீர்கள். வெந்தபின் அந்தக் குருத்தெலும்பைக் கடிக்கிற சுகமே தனி. கறியில் அரிசி மணி அளவில் வெள்ளையாகச் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் வாங்க வேண்டாம், அது நாடாப்புழுவின் அடையாளம். நன்றாகப் பராமரிக்கிற பண்ணைக் கறியை நம்பிக்கையான கடையில் வாங்கி முழுக்க வேகவைத்தால் பயமில்லை. இந்தச் செய்முறையில் கறி முக்கால் மணி நேரத்துக்கு மேல் கொதிக்கிறது. பச்சைக் கறி பட்ட பலகையையும் கத்தியையும் மட்டும் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

வினிகர், கற்கண்டு, மற்றவை

இந்தப் பதார்த்தத்தின் உயிர் வினிகர்தான். யாங்சி ஆற்றின் தென்கரையில், ஜியாங்சு மாகாணத்தில் ஜென்ஜியாங் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒட்டரிசியைப் புளிக்கவைத்துக் கறுப்பு வினிகர் செய்கிறார்கள். அரிசியை முதலில் மதுவாக்கி, அதோடு கோதுமைத் தவிடும் உமியும் கலந்து மறுபடி நொதிக்கவிட்டு, வடித்தபின் ஜாடிகளில் வைத்து முதிரவிடுவார்கள். அங்குள்ள ஹெங்ஷுன் நிறுவனம் 1840-இல் தொடங்கியது, இன்றும் அதன் வினிகர் பல நாடுகளுக்குப் போகிறது. பாட்டிலில் பழைய எழுத்துக்கூட்டலில் 'சின்கியாங்' என்றும் அச்சடித்திருப்பார்கள், அதுவும் இதே ஊர்தான். மூக்கருகே கொண்டுபோனால் புளிப்போடு லேசான இனிப்பு வாசனையும், தானியம் வறுத்த மாதிரி ஒரு மணமும் வரும். சிங்கப்பூர், மலேசியாவில் எளிதாகக் கிடைக்கும். சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் இறக்குமதிப் பொருள் விற்கும் கடைகளிலோ இணையத்திலோ தேட வேண்டியிருக்கும். ஒரு பாட்டில் பல மாதம் வரும், கெட்டுப்போகாது. இந்த ஒரு பொருளுக்கு மட்டும் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

கிடைக்கவே இல்லையென்றால் மால்ட் வினிகர் பரவாயில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளைச் செயற்கை வினிகர் வேண்டாம். அதில் புளிப்பு மட்டும்தான் இருக்கிறது, வாசனை இல்லை. சுண்டச் சுண்ட அந்த வெறும் புளிப்பு தொண்டையைப் பிடிக்கும். சீனாவிலேயே ஷான்சி மாகாணத்தில் சோளத்தில் (மக்காச்சோளம் அல்ல) செய்கிற முதிர்ந்த வினிகர் இருக்கிறது, இதைவிடக் காரமான புளிப்பு. அதுதான் கையில் இருக்கிறது என்றால் கால் பங்கு குறைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைக்கு நமக்குப் பழக்கமான வெள்ளைக் கற்கண்டே போதும். சீன வீடுகளிலும் இதற்குக் கற்கண்டைத்தான் விரும்புவார்கள். சாறு தெளிவாகப் பளபளக்கும் என்பது அவர்கள் சொல்கிற காரணம். அம்மியிலோ உரலிலோ பொடித்துக்கொள்ளுங்கள், பெரிய கட்டி உருகுவதற்குள் சிறியது கருகிவிடும். சாதாரணச் சர்க்கரையும் ஆகும். பனங்கற்கண்டு மட்டும் வேண்டாம், அதன் மணம் வினிகரோடு சேராது.

சோயா சாஸில் இரண்டு வகை உண்டு. லைட் சோயா உப்புக்கும் சுவைக்கும். டார்க் சோயா நிறத்துக்கு, அது கெட்டியாக, கொஞ்சம் இனிப்பாக இருக்கும். நம் ஊர்க் கடைகளில் வெறுமனே 'சோயா சாஸ்' என்று விற்பதில் நிறமும் உப்பும் சேர்ந்தே இருக்கும். அதைப் பயன்படுத்தினால் டார்க் சோயாவை விட்டுவிடுங்கள், அளவையும் கொஞ்சம் குறையுங்கள். மதுவுக்கு ஜெஜியாங் மாகாணத்து ஷாவ்ஷிங் அரிசி மது. உப்பு சேர்த்துச் 'சமையல் மது' என்று விற்கிற வகையாக இருந்தால் வேறு உப்பே போட வேண்டாம். மது வேண்டாம் என்கிறவர்கள் அதை விட்டுவிட்டு இஞ்சியைக் கூட்டிக்கொள்ளலாம். மணம் சற்றுக் குறையும், ஆனால் நன்றாகவே இருக்கும்.

சீன வீடுகளில் இதற்கு வாய்ப்பாடு மாதிரி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மது ஒரு கரண்டி, சோயா இரண்டு, சர்க்கரை மூன்று, வினிகர் நான்கு, தண்ணீர் ஐந்து. ஆளுக்கு ஆள் வரிசை கொஞ்சம் மாறும், ஆனால் புதிதாகச் செய்கிறவருக்கு ஞாபகம் வைக்க இதைவிட எளிது எதுவுமில்லை. தண்ணீர்க் கணக்கில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஐந்து கரண்டித் தண்ணீரில் விலா எலும்பு வேகாது. கறி மூழ்கத் தண்ணீர் விட்டு, பொறுமையாக வேகவிட்டு, பிறகு சுண்டவைப்பதே சரி.

ஆக, 600 கிராம் கறிக்கு எடுத்து வைக்க வேண்டியவை: பொடித்த கற்கண்டு 3 மேசைக்கரண்டி, கறுப்பு வினிகர் 4 மேசைக்கரண்டி, லைட் சோயா 2 மேசைக்கரண்டி, டார்க் சோயா 1 தேக்கரண்டி, அரிசி மது 2 மேசைக்கரண்டி, கட்டைவிரல் நீளத்துக்கு இஞ்சி, வெங்காயத்தாள் நான்கு, எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வறுத்த வெள்ளை எள் 1 தேக்கரண்டி. எண்ணெய் மணமில்லாததாக இருக்கட்டும். சூரியகாந்தி அல்லது கடலை எண்ணெய் சரி. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் சேராது.

பாத்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். அடிகனமான எவர்சில்வர் சட்டியோ ஒட்டாத வாணலியோ எடுங்கள். இரும்புச் சட்டியில் புளிப்பு இவ்வளவு நேரம் கொதித்தால் அதன் எண்ணெய்ப் பதம் போய்விடும், சாற்றில் இரும்பு வாடையும் வரும். அலுமினியமும் புளிப்புக்கு ஆகாது.

முதலில் கொதிக்கவைத்துக் கழுவுவது

கறியை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து ரத்தம் போகக் கழுவுங்கள். பிறகு சட்டியில் போட்டு, மூழ்கப் பச்சைத்தண்ணீர் ஊற்றி, பாதி இஞ்சியை நறுக்கிப் போட்டு, இரண்டு வெங்காயத்தாளை முடிச்சுப் போட்டு இறக்கி, ஒரு மேசைக்கரண்டி மதுவும் விட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்கிற தண்ணீரில் கறியைப் போடக் கூடாது. மேற்புறம் உடனே இறுகி, உள்ளே இருக்கிற ரத்தம் அங்கேயே நின்றுவிடும். பச்சைத்தண்ணீரோடு மெல்லச் சூடேறினால்தான் அழுக்கெல்லாம் சாம்பல் நிற நுரையாக மேலே வரும். மூடி போடாதீர்கள். கொதி வந்ததும் மூன்று நிமிடம் விட்டு, நுரையை எடுத்துவிட்டு, கறியை வடித்து வெந்நீரில் ஒவ்வொரு துண்டாகக் கழுவுங்கள். எலும்பின் வெட்டு வாயில் ஒட்டியிருக்கும் கசடை விரலால் தேய்த்து எடுங்கள். குளிர்ந்த நீரில் கழுவினால் சூடான கறி சுருங்கிக்கொள்ளும்.

கழுவிய கறியை வடிதட்டில் பரப்பி, துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். ஈரம் இருந்தால் அடுத்த கட்டத்தில் எண்ணெய் தெறித்துக் கையைப் பதம்பார்க்கும்.

அப்புறம் சட்டியில் எண்ணெய் விட்டு நடுத்தீயில் கறியைப் பரப்பி, ஐந்தாறு நிமிடம் எல்லாப் பக்கமும் இளம்பொன்னிறமாகச் சிவக்கவிடுங்கள். அடிக்கடி கிளற வேண்டாம், ஒரு பக்கம் சிவந்தபின் திருப்பினால் போதும். சிவந்ததைத் தட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு மேல் தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள்.

கற்கண்டு உருகுகிற நாலு நிமிடம்

இதைத் தொடங்குமுன் கெட்டிலில் முக்கால் லிட்டர் தண்ணீர் கொதித்துத் தயாராக இருக்க வேண்டும். கறித் தட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். போன் அடித்தால் எடுக்கக் கூடாது.

நாம் பாகு காய்ச்சும்போது தண்ணீர் விடுவோம். இங்கே தண்ணீர் இல்லை. சட்டியில் இருக்கிற எண்ணெயில் கற்கண்டுப் பொடியைத் தூவி, அடுப்பை முடிந்த அளவு குறைத்துவிட்டு, கரண்டியால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருங்கள். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் சம்பந்தமே இல்லாமல் மணல் மணலாகக் கிடக்கும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டாதீர்கள். பிறகு ஓரங்கள் கண்ணாடியாகக் கசியத் தொடங்கும், கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் உருகி வெளிர்மஞ்சளாகும். அதிலிருந்து பெரிய குமிழிகள் எழும், நிறம் தேன் நிறத்துக்குப் போகும். அந்தக் குமிழிகள் சின்னச் சின்னதாக மாறிச் சட்டி முழுக்க நுரைத்து, நிறம் செம்பழுப்பைத் தொடுகிற கணத்தில் கறியைக் கொட்ட வேண்டும்.

மஞ்சளிலிருந்து தேனுக்கு வர ஒரு நிமிடம் ஆகலாம். தேனிலிருந்து செம்பழுப்புக்குப் பத்து இருபது விநாடிதான். அதற்கும் அடுத்த பத்து விநாடியில் புகை வரும், கசப்பும் வந்துவிடும். முதல் தடவை செய்கிறவர் தேன் நிறம் கொஞ்சம் ஆழமானதுமே கறியைப் போட்டுவிடலாம். நிறம் சற்றுக் குறைந்தாலும் டார்க் சோயா ஈடுகட்டும். கருகிய சர்க்கரையை எதுவும் ஈடுகட்டாது. புகைந்துவிட்டால் தயங்காமல் அதைக் கொட்டிவிட்டுச் சட்டியைக் கழுவி மறுபடி தொடங்குங்கள். மூன்று கரண்டிச் சர்க்கரைதான் நஷ்டம், கறி மிஞ்சும்.

கறியைப் போட்டதும் நடுத்தீ வைத்து ஒரு நிமிடம் நன்றாகப் புரட்டுங்கள். ஒவ்வொரு துண்டின் மேலும் அந்தப் பழுப்பு நிறம் பூசினாற்போல ஏறும். மீதி இஞ்சியை வட்டமாக நறுக்கிப் போட்டு, மீதி வெங்காயத்தாளையும் போட்டுப் புரட்டி, மீதி மதுவை ஊற்றுங்கள். சீறி அடங்கியதும் லைட் சோயா, டார்க் சோயா, வினிகரில் இரண்டரை மேசைக்கரண்டி. மீதி ஒன்றரைக் கரண்டியை ஒரு கிண்ணத்தில் தனியே வைத்துவிடுங்கள்.

இப்போது கெட்டில் தண்ணீரைக் கறி மூழ்குகிற வரை ஊற்றுங்கள். வெந்நீராகத்தான் இருக்க வேண்டும். பச்சைத்தண்ணீர் பட்டால் உருகிய சர்க்கரை கல்லாக இறுகிச் சட்டியோடு ஒட்டிக்கொள்ளும், கறியும் விறைத்துப்போகும்.

வேகவிடுவதும் சுண்டவைப்பதும்

கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி போட்டு 40 முதல் 45 நிமிடம் விடுங்கள். தளதளவென்று கொதிக்கத் தேவையில்லை, அங்கங்கே குமிழி எழுந்தால் போதும். விலாக் கறியின் தசையை எலும்போடு இணைக்கிற திசுவில் உள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்லிய சூட்டில் நேரம் எடுத்துக்கொண்டுதான் இளகி ஜெலட்டினாக மாறும். கடைசியில் சாறு ஒட்டிக்கொண்டு பளபளப்பதற்கு அந்த ஜெலட்டினும் சர்க்கரையும்தான் காரணம். அதனால்தான் சோள மாவு கரைத்து ஊற்றுகிற வேலை இதில் இல்லை. மாவு ஊற்றினால் கெட்டியாகும், ஆனால் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு மங்கிவிடும்.

நேரமில்லாதவர்கள் குக்கரில் இரண்டு, மூன்று விசில் வைத்து, ஆவி தானாக அடங்கியபின் திறந்த சட்டிக்கு மாற்றிச் சுண்டவைக்கலாம். கறி வெந்துவிடும். ஆனால் குக்கரில் எளிதாக அதிகம் குழைந்துவிடும். இந்தப் பதார்த்தத்தில் எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று விழக் கூடாது. பல்லால் லேசாக இழுத்தால் முழுசாக வர வேண்டும், மெல்லுவதற்குக் கொஞ்சம் இருக்க வேண்டும். குச்சியால் குத்திப் பாருங்கள். சிரமமில்லாமல் இறங்கினால் பதம் வந்துவிட்டது. இன்னும் கடினமாக இருந்தால் அரை டம்ளர் வெந்நீர் விட்டுப் பத்து நிமிடம் கூட விடுங்கள்.

வெந்தபின் மூடியை எடுத்துவிட்டு இஞ்சியையும் வெங்காயத்தாளையும் பொறுக்கி எறியுங்கள். இந்த இடத்தில் சாற்றைச் சுவைத்துப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். தண்ணீராக, உப்புக் குறைந்து, ஒன்றுமில்லாததுபோல இருக்கும். அது இன்னும் நிறையச் சுண்டப்போகிறது, எல்லாம் ஏறிவிடும். உப்புப் போடுவதாக இருந்தால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

தீயை நன்றாகக் கூட்டுங்கள். எட்டுப் பத்து நிமிடம் ஆகும். முதல் பாதியில் எப்போதாவது கிளறினால் போதும், பின்பாதியில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. சாறு குறையக் குறையச் சத்தம் மாறுவதைக் கவனியுங்கள். தண்ணீர் கொதிக்கிற சளசளப்பு அடங்கி, கனமாக ஒட்டி ஒட்டி வெடிக்கிற குமிழிச் சத்தம் கேட்கும். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுங்கள். அடி தெரிந்து, சாறு மெதுவாக வந்து கோட்டை மூடினால் நேரம் வந்துவிட்டது.

எடுத்து வைத்த ஒன்றரைக் கரண்டி வினிகரை இப்போதுதான் ஊற்ற வேண்டும், சட்டியின் ஓரத்தைச் சுற்றி. முதலில் ஊற்றிய வினிகரின் மணம் முக்கால் மணி நேரக் கொதியில் ஆவியாகப் போயிருக்கும். அது கறியை இளக்கி, சாற்றுக்கு அடிச்சுவை கொடுத்து, தன் வேலையை முடித்துவிட்டது. மூக்கில் ஏறுகிற புளிப்பு மணத்தைத் தருவது இந்தக் கடைசி வினிகர்தான். எல்லாவற்றையும் முதலிலேயே ஊற்றிவிட்டால் சாப்பிடும்போது இனிப்புதான் முன்னால் நிற்கும். எல்லாவற்றையும் கடைசியில் ஊற்றினால் புளிப்பு தனியாக, கறியோடு ஒட்டாமல் நிற்கும். அதனால் பிரித்து ஊற்றுகிற இந்தச் சின்ன வேலையைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள்.

ஊற்றியபின் அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம் புரட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் சாற்றில் போர்த்தி, சட்டியில் இரண்டு மூன்று கரண்டிச் சாறு மட்டும் மிஞ்சியிருக்கும்போது அணைத்துவிடுங்கள். அடுப்பு அணைந்தபின்னும் சாறு இறுகும் என்பதால், 'இன்னும் கொஞ்சம் போகலாம்' என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்துவதே சரி. அளவுக்கு மீறிச் சுண்டிவிட்டால் எண்ணெய் தனியாகப் பிரிந்து, சாறு பிசுபிசுப்பான மிட்டாயாகிவிடும். அப்படி ஆனால் இரண்டு கரண்டி வெந்நீர் விட்டு வேகமாகப் புரட்டுங்கள், மறுபடி சேர்ந்துகொள்ளும். புளிப்புத் தூக்கலாகப் போயிருந்தால் கொஞ்சம் கற்கண்டுப் பொடி தூவி அரை நிமிடம் புரட்டினால் சமமாகும்.

தட்டில் மாற்றி எள் தூவுங்கள். சாதாரண வெள்ளைச் சோறும், பூண்டு தட்டிப் போட்டு வதக்கிய ஏதாவது ஒரு கீரையும் பக்கத்தில் இருந்தால் போதும். இதுவே காரசாரமான குழம்போடு சேர்ந்தால் எடுபடாது.

சூடாகத்தான் சாப்பிட வேண்டும் என்றில்லை. ஷாங்காய்ப் பக்கத்து விருந்துகளில் முதலில் வருகிற குளிர்ந்த தட்டுகளில் இதுவும் ஒன்று. சிச்சுவானிலும் இதை ஆறவைத்து, எள்ளை இன்னும் தாராளமாகத் தூவிப் பரிமாறுவார்கள். அங்கே வேகவைக்கும்போது இஞ்சியோடு சிச்சுவான் மிளகும் போடுவதுண்டு. ஆறவைத்துச் சாப்பிடுவதாக இருந்தால் கொழுப்பு குறைந்த துண்டுகளாகப் பார்த்து எடுங்கள், சாற்றையும் இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். ஆறினால் ஜெலட்டின் இறுகித் தானாகவே கெட்டியாகும். மிச்சம் இருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம். எடுத்ததும் மைக்ரோவேவில் வைக்காமல், சட்டியில் இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டுச் சிறுதீயில் மூடி வைத்துச் சூடாக்கி, இறக்கும்போது சில சொட்டுக் கறுப்பு வினிகர் விடுங்கள்.